வால்வு ஹெட்போன் ஆம்ப்பில் 'ஹம்' ஓசையா? எர்த் கம்பியை மட்டும் கழற்றிவிடாதீர்கள்

லகாட்: பல வாரம் உட்கார்ந்து வீட்டிலேயே கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபையர். சுவிட்சைத் தட்டியதும் கண்ணாடிக்குள் செந்நிறம் மெல்ல ஏறுகிறது. ஹெட்போனைக் காதில் வைத்தால் பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை வந்து நிற்கிறது. பாட்டு நின்ற பிறகும் அது நிற்பதில்லை.

வால்வு ஆம்ப் கட்டும் எவரும் ஒருமுறையாவது சந்திக்கும் சிக்கல் இது. ஆம்ப்பை லகாட்டில் கட்டினாலும் லண்டனில் கட்டினாலும் ஓசை ஒன்றுதான். இரண்டு ஊரிலும் வீட்டுக்கு வரும் மின்சாரம் திசை மாறி மாறி நொடிக்கு 50 சுழற்சிகளை முடிக்கிறது. அந்த 50 ஹெர்ட்ஸ்தான் ஏதோ ஒரு வழியாகக் காதுவரை வந்து சேர்கிறது. எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடித்தால் போதும், பெரும்பாலும் சில ரிங்கிட் செலவில் சரிசெய்துவிடலாம்.

ஆனால், இந்த ஓசையைப் போக்க ஒரு குறுக்குவழி வாய்மொழியாகப் பரவியிருக்கிறது: "மூன்று கால் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிவிடு, சத்தம் போய்விடும்." சில நேரங்களில் சத்தம் போகவும் செய்யும். அதனால்தான் அது ஆபத்தான யோசனை. ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

அன்று வானொலி, இன்று ஹெட்போன்

வால்வு நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1946இல் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பை முதலில் கேட்ட தலைமுறை, வால்வுப் பெட்டியில்தான் கேட்டது. கோயில் திருவிழா ஒலிபெருக்கியும், திரைப்படக் கொட்டகையின் ஒலிக்கருவியும் அக்காலத்தில் வால்வுதான்.

வால்வுக்கும் ஹம் ஓசைக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. தொடக்ககால வானொலிகள் பேட்டரியில் ஓடின. இழையை மாறுமின்சாரத்தில் நேரடியாகச் சூடாக்கியபோது ஓசை பொறுக்க முடியாததாக இருந்தது. இழையையும் எலக்ட்ரானை வெளியிடும் கேத்தோடையும் தனித்தனியாகப் பிரித்த வால்வுகள்தான் இதற்கு வழி காட்டின. 1927இல் அமெரிக்காவின் ஆர்சிஏ வெளியிட்ட 227 என்ற வால்வு அவற்றுள் புகழ்பெற்றது. இன்று ஹெட்போன் ஆம்ப்பில் போடும் 12ஏயூ7, 6டிஜே8 எல்லாம் அந்த வழியில் வந்தவை.

பழைய வானொலி ஓசையிட்டாலும் அறையின் மூலையில் இருந்த ஒலிபெருக்கி வழியாக வந்ததால் யாரும் பொருட்படுத்தவில்லை. ஹெட்போன் காதோடு ஒட்டி உட்கார்கிறது. ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் ஒலி தரும் 32 ஓம் ஹெட்போனில் 1 மில்லிவோல்ட் ஹம் புகுந்தாலே சுமார் 55 டெசிபல் ஒலி எழும். இரவு அமைதியில் அது நன்றாகவே கேட்கும். அதே அளவு உணர்திறனுள்ள 300 ஓம் ஹெட்போனில் அதே 1 மில்லிவோல்ட் சுமார் 45 டெசிபல்தான் தரும். ஒருவர் வீட்டில் ஓசையில்லாத ஆம்ப் இன்னொருவர் ஹெட்போனில் முனகுவதற்குக் காரணம் இதுதான்.

கைவைக்கும் முன்

வால்வு ஆம்ப்புக்குள் 150 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில், அதாவது கெப்பாசிட்டர்களில், அது தங்கியிருக்கும்.

மின்தேக்கிகளுக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும். மொத்தம் 250 மைக்ரோஃபாரட் உள்ள ஆம்ப்பில் இந்த மின்தடை வழியாக மின்சாரம் வடிய ஏறக்குறைய 5 நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரம் காத்திருங்கள். அதன் பிறகும் மல்டிமீட்டரில் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்துவிட்டே விரலை உள்ளே விடுங்கள்.

வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதே, அது காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உயிர்க்கம்பியில் போன மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்பதை மட்டுமே ஆர்சிசிபி பார்க்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் உள்ள 300 வோல்ட் உங்கள் உடல் வழியாகப் பாய்ந்தாலும் இந்தப் பக்கக் கணக்கு சரியாகவே இருக்கும். ஆர்சிசிபி அணையாது.

மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் பழக்கம். இரு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். வீட்டில் தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். சோதனைக்கு மலிவான ஹெட்போனைப் பயன்படுத்துங்கள். சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் அது காதில் இருக்கக் கூடாது.

ஓசையைக் காதால் பிரித்தறியுங்கள்

ஹம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகை உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஓசை ஆழமானது. தூரத்தில் லாரி என்ஜின் நிற்பதுபோல் இருக்கும். 100 ஹெர்ட்ஸ் ஓசை அதே சுருதியில் சரியாக ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். கீழ் சட்ஜத்துக்கும் அடுத்த சட்ஜத்துக்கும் உள்ள இடைவெளிதான். மூன்றாவது வகை, வண்டு முரல்வதுபோல் 'ர்ர்ர்' என்ற கரகரப்பு கலந்தது.

ஐயமிருந்தால் கைப்பேசியில் இலவச டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, 50, 100 ஹெர்ட்ஸ் இரண்டையும் மாறி மாறிக் கேட்டு, ஆம்ப்பின் ஓசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

50 என்றால் ஹீட்டர், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், மூடப்படாத உள்ளீட்டுக் கம்பி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். 100 என்றால் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பவர் சப்ளை. வண்டு ஓசை என்றால் எர்த் இணைப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். விதிவிலக்கு ஒன்று: நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜில் ஒன்று பழுதானால் 100 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 50 வரும்.

ஐந்து நிமிடச் சோதனை

கையில் சால்டரிங் அயர்னை எடுக்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. உள்ளீட்டுக் கேபிள்கள் அனைத்தையும் கழற்றுங்கள். ஓசை நின்றுவிட்டால் கோளாறு ஆம்ப்புக்கு வெளியே. கேபிள், கணினி, எர்த் வளையம் ஆகியவற்றைப் பாருங்கள்.

2. கேபிள் இல்லாமலும் ஓசை இருந்தால் வால்யூமை அடிவரை குறையுங்கள். அப்போதும் மாறாமல் இருந்தால் பவர் சப்ளை, ஹீட்டர், டிரான்ஸ்ஃபார்மர் ஆகிய மூன்றில் ஒன்று.

3. வால்யூமைக் கூட்டக் கூட்ட ஓசையும் கூடினால், வால்யூம் கன்ட்ரோலுக்கு முந்தைய கம்பிகள் அதை உள்ளே இழுக்கின்றன.

4. வால்யூம் நடுவில் இருக்கும்போது மட்டும் அதிகமாக இருந்தால், கன்ட்ரோலிலிருந்து வால்வின் கிரிட்டுக்குப் போகும் கம்பியைப் பாருங்கள். வெளியே வரும் மின்தடை நடுப்பகுதியில்தான் உச்சத்தில் இருக்கும். மின்தடை அதிகமுள்ள இடத்தில் கம்பி ஆன்டெனாபோல் வேலை செய்யும். அதற்குக் கவசக் கம்பி, அதாவது ஷீல்டு வயர், போட வேண்டும்.

5. குமிழைத் தொட்டால் ஓசை மாறுகிறதா? வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடல் எர்த்தோடு சேரவில்லை என்று பொருள்.

6. ஒரு காதில் மட்டும் ஓசை என்றால், அணைத்து, ஆறவைத்து, இடவல வால்வுகளை மாற்றிப் போடுங்கள். ஓசையும் காது மாறினால் வால்வே பழுது. வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

100 ஹெர்ட்ஸ்: பவர் சப்ளை

பவர் சப்ளையின் முதல் மின்தேக்கி நொடிக்கு 100 முறை நிரம்பி, இடையில் சற்று வடிகிறது. இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று எளிதாகக் கணக்கிடலாம். ஆம்ப் 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது, முதல் மின்தேக்கி 47 மைக்ரோஃபாரட் என்றால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 8.5 வோல்ட். காதுக்கு ஒரு மில்லிவோல்ட்டே அதிகம் என்ற நிலையில் இது மலையளவு.

அதைக் குறைக்கத்தான் வடிகட்டிகள். 1 கிலோ ஓம் மின்தடையும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கொண்ட ஒரு படி, 100 ஹெர்ட்ஸ் ஓசையை 60 பங்குக்கு மேல் குறைக்கும். 8.5 வோல்ட் சுமார் 0.14 வோல்ட்டாகும். இன்னொரு படி சேர்த்தால் 2 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கும். மின்தடைக்குப் பதில் 10 ஹென்றி சோக் போட்டால் ஒரே படியில் 400 பங்கு அளவுக்குக் குறையும். சோக் கனமானது, விலையும் அதிகம். ஆனால் மின்தடை 40 வோல்ட்டை விழுங்கிச் சூடாவதுபோல் சோக் செய்யாது.

முன்பு அமைதியாக இருந்த ஆம்ப் பின்னாளில் ஓசையிடத் தொடங்கினால் மின்தேக்கி காய்ந்துபோயிருக்கலாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. நம் நாட்டு வெயிலில், வால்வுக்குப் பக்கத்திலேயே நிற்கும் மின்தேக்கி நீண்டநாள் தாங்காது. 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்கி, வால்வைவிட்டுத் தள்ளி வையுங்கள். பழைய வானொலியிலிருந்து கழற்றியதைப் போட வேண்டாம்.

50 ஹெர்ட்ஸ்: ஹீட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும்

வால்வைச் சூடாக்க 6.3 வோல்ட் மாறுமின்சாரம் போகிறது. 12ஏயூ7 வால்வுக்கு இது 0.3 ஆம்பியர். இந்த இரண்டு கம்பிகளையும் கயிறு திரிப்பதுபோல் இறுக்கமாக முறுக்கினால் ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்துவிடும். முறுக்கிய கம்பியைப் பெட்டியின் மூலையோரம் கொண்டுபோய், கிரிட் கம்பியிலிருந்து எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்குங்கள்.

அடுத்தது, ஹீட்டர் சுருளின் நடுமுனை எங்காவது இணைந்திருக்க வேண்டும். நடுமுனை இல்லாவிட்டால் இரு கம்பிகளிலிருந்தும் 100 ஓம் மின்தடை ஒவ்வொன்றைப் போட்டு, அவை சேரும் இடத்தைப் பொது எர்த்தில் இணைக்கலாம். புதிதாகக் கட்டுபவர்கள் பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

அதற்கும் அடங்காத ஓசைக்கு ஒரு நல்ல வைத்தியம் உண்டு. நடுமுனையை எர்த்தில் இணைக்காமல் சுமார் 45 வோல்ட் நேர்மின்சாரத்தில் தூக்கி வைப்பது. 250 வோல்ட் வரும் இடத்திலிருந்து 220 கிலோ ஓம், 47 கிலோ ஓம் என இரு மின்தடை போட்டால் நடுவில் 44 வோல்ட் கிடைக்கும். அங்கே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் சேருங்கள். இழையிலிருந்து கேத்தோடுக்குக் கசியும் மின்சாரம் இதனால் அடங்கும். இதைச் செய்யும்போது பழைய எர்த் இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அலுமினியப் பெட்டி தடுக்காது. ஒலி வெளியே வரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள ஆம்ப்பில், இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் ஓசை வெகுவாகக் குறையும். அதனால் துளையிட்டுத் திருகும் முன்பே, இணைப்புகளை நன்றாக மூடிவிட்டு, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஹெட்போனை மட்டும் மாட்டி அதைத் திருப்பித் திருப்பி அமைதியான கோணத்தைத் தேடுங்கள். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாலே வேறுபாடு தெரியும்.

இணையத்தில் வாங்கும் கிட்டுகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். சில டிரான்ஸ்ஃபார்மர்கள் 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டவை. நம் நாட்டில் பெயரளவு 230 வோல்ட். 253 வரை வரலாம். 240 வரும் வீட்டில் 220 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 6.3க்குப் பதில் 6.9 வோல்ட் தரும். வால்வின் ஆயுள் குறையும். டிரான்ஸ்ஃபார்மரும் முனகத் தொடங்கும். ஆகவே ஹீட்டர் மின்னழுத்தத்தை வால்வு மாட்டிய நிலையில் அளந்து பாருங்கள்.

வண்டு ஓசை: எர்த் கம்பியின் பாதை

பெட்டிக்குள் எர்த் என்றால் எங்கே இணைத்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. டையோடிலிருந்து முதல் மின்தேக்கிக்குப் போகும் மின்சாரம் சீராகப் போவதில்லை. சராசரியைவிடப் பல மடங்கு பெரிய துடிப்புகளாகப் போகிறது. அந்தத் துடிப்பும் மெல்லிய பாட்டுச் சிக்னலும் ஒரே கம்பித்துண்டில் பயணம் செய்தால், தோட்டத்து மண்சாலையில் பால் லாரியும் சைக்கிளும் ஒரே தடத்தில் போன கதைதான்.

டிரான்ஸ்ஃபார்மரின் திரும்பும் கம்பியை முதல் மின்தேக்கியின் எதிர்முனையில் நேராக இணையுங்கள். அங்கிருந்து ஒரே கம்பி அடுத்த மின்தேக்கிக்கு, அதிலிருந்து வால்வுகளுக்கு, கடைசியாக உள்ளீட்டு முனைக்கு. அந்தக் கடைசி இடத்தில் மட்டும் பெட்டியோடு ஓர் இணைப்பு. உள்ளீட்டுச் சாக்கெட்டுகள் பெட்டியின் உலோகத்தைத் தொடாத வகையாக இருக்கட்டும்.

சால்டரிங்கையும் பார்க்க வேண்டும். நாம் பொதுவாக ஈயம் என்று சொல்லும் சால்டர் கம்பியின் பழைய கலவையில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். லகாட் அமைந்திருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகுக்கு அள்ளிக்கொடுத்ததும் அதே வெள்ளீயம்தான். அந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தரத்தான் 1930இல் பேராக் ஆற்றில் செண்டரோ அணை எழுந்தது. காரீயம் கலந்த சால்டரில் நல்ல இணைப்பு பளபளவென்று கம்பியோடு வழிந்து ஒட்டியிருக்கும். உருண்டையாக, மங்கலாக நிற்பது சரியாகப் பிடிக்காத இணைப்பு. எர்த் கம்பியில் அப்படி ஒன்று இருந்தால் போதும், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஓசை வரும். மரக்குச்சியால் மெல்லத் தட்டிப் பார்த்தால் அது தானே காட்டிக்கொடுக்கும்.

ஆம்ப்புக்கு வெளியே உள்ள வளையம் வேறு. மேசைக் கணினிக்கும் மூன்று கால் பிளக், ஆம்ப்புக்கும் மூன்று கால் பிளக். இரண்டுக்கும் இடையே ஆடியோ கேபிள். இப்போது எர்த் இரண்டு வழியாக இணைந்து ஒரு வளையமாகிறது. அதில் ஓடும் சிறு மின்சாரம் ஓசையாகிறது. மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றியதும் அல்லது பேட்டரியில் ஓடும் கைப்பேசியை மாட்டியதும் ஓசை நின்றால் இதுதான் காரணம். இரண்டு கருவிகளையும் ஒரே நீட்டிப்புச் சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள். போகாவிட்டால் இடையில் ஆடியோ தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போடலாம்.

ஏன் எர்த்தைக் கழற்றக் கூடாது?

எர்த் கம்பியைக் கழற்றினால் அந்த வளையம் உடைகிறது, ஓசை போகிறது. கூடவே உங்கள் பாதுகாப்பும் போகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் உறை என்றாவது கருகி 240 வோல்ட் பெட்டியின் உலோகத்தைத் தொட்டால், எர்த் இருக்கும்போது ஃபியூஸ் போகும் அல்லது ஆர்சிசிபி அணையும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி அமைதியாக மின்சாரத்தோடு நிற்கும், யாராவது தொடும்வரை. ஹெட்போன் ஆம்ப்பில் அந்த உலோகத்தோடு இணைந்த கம்பி மனிதர் தலைமேலேயே இருக்கிறது. அந்த ஹெட்போனை அடுத்துப் போடுவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

பாதுகாப்பு எர்த் பெட்டியின் உலோகத்தில் தனித் திருகில் உறுதியாக இருக்கட்டும். வளையத்தை உடைக்க வேண்டுமானால், சிக்னல் எர்த்துக்கும் பெட்டிக்கும் இடையே 10 ஓம் மின்தடையையும் அதற்கு இணையாக ஒரு பெரிய டையோடு பிரிட்ஜையும் போடுவது முறையான வழி. சிறு ஓசை மின்சாரத்தை மின்தடை அடக்கும். விபத்து மின்சாரத்தை டையோடு எர்த்துக்குக் கடத்தும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை ஆம்ப்பில், உயர் மின்னழுத்தத்துக்கும் காதுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு மின்தேக்கி. அது புதியதாக, தேவைக்கு மேற்பட்ட வோல்ட் தாங்குவதாக இருக்க வேண்டும். நல்ல ஹெட்போனை மாட்டும் முன், ஆம்ப் சூடேறிய பிறகு அவுட்புட்டில் நேர்மின்சாரம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் மாட்ட வேண்டாம்.

தாத்தா காலத்து வானொலியைப் பிரித்து உதிரிப்பாகம் எடுப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. அக்காலத்தில் மாறுமின்சாரம், நேர்மின்சாரம் இரண்டிலும் ஓடும் வானொலிகள் விற்கப்பட்டன. அவற்றில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. உள்ளேயிருக்கும் இரும்புத் தட்டு நேராக வீட்டு மின்சாரத்தோடு இணைந்திருக்கும். மரப்பெட்டியும் பேக்கலைட் குமிழும்தான் அன்று மனிதரைக் காத்தன. அந்தச் சுற்றை ஹெட்போனுக்கு எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது.

பழைய வீடுகளில் மூன்று துளைச் சாக்கெட் இருந்தும் உள்ளே எர்த் கம்பி வராமல் இருக்கலாம். சந்தேகமிருந்தால் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சோதியுங்கள். வீட்டு வயரிங்கை நாமே மாற்றக் கூடாது. பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் தேவையில்லை, 3 ஆம்பியர் போதும். ஆம்ப்புக்குள்ளும் தனி ஃபியூஸ் ஒன்று வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செய்ததைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. வால்வு ஆம்ப்பில் கொஞ்சமும் ஓசையே இருக்கக் கூடாது என்றும் பிடிவாதம் வேண்டாம். பாட்டு இல்லாதபோது, வழக்கமாகக் கேட்கும் வால்யூமில், அமைதியான அறையில் ஓசை காதுக்கு எட்டவில்லை என்றால் வேலை முடிந்தது. மூடியைத் திருகிவிட்டுப் பாட்டைக் கேட்கலாம்.